புகையும் பீப்பாயும்: இளஞ்சுவைஞன் ஒருவனுக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய குறிப்புப் புத்தகத்தின் நகல்களும் கிடைத்தன. ஒயின் பரிமாறும் கலையைப் பயிலப் பர்கண்டிப் பிரதேசத்துக்குச் சென்றிருக்கும் நீ, முதல் ஆறு மாதத்துக்குள் நாற்பது ஷார்டொனே வெள்ளை ஒயின்களை ருசி பார்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் சிரத்தையோடு எழுதி வைத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் அந்த நாற்பதில் முப்பத்தொன்றுக்கு, 'ஓக் மர வாசனை தெளிவாக இருக்கிறது. ஆகையால் உயர்ந்த சரக்கு' என்றும், எஞ்சிய ஒன்பதுக்கு, 'மரம் தெரியவில்லை. சாதாரணம்' என்றும் நீ தீர்ப்பு எழுதியிருப்பதைப் படித்தபோது, முப்பது வருஷங்களுக்கு முன் பாரிஸில் ஓர் உணவு விடுதியின் நிலவறையில் வேலைக்குச் சேர்ந்த புதுச்சேரிப் பையன் ஒருவனின் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பையன் நான்தான். நான் செய்த பிழையையே நீயும் செய்கிறாய். வேறு பல இளைஞர்களும் செய்யக்கூடும் என்பதால் உனக்குச் சொல்ல வேண்டியதைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன். நீ தவறாக எண்ண மாட்டாய் என்று நம்புகிறேன்.

அக்காலத்தில் எனக்கு மேலாக இருந்த பெரியவர், ஒரு நாள் பகல் உணவு வேளை முடிந்து மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த என்னை அழைத்து, இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை முன்னே வைத்து, "இரண்டும் ஷார்டொனே; ஒன்று பீப்பாயில் வளர்ந்தது, மற்றொன்று பீப்பாய்க்குள் போனதே இல்லை; எது எதுவென்று சொல்" என்றார். முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே வனிலாவும் தேங்காயும் புகையும் எழுந்து வந்தன. இரண்டாவது மிக அடக்கமாக இருந்தது; எலுமிச்சைத் தோலும், பழுத்த பேரிக்காயும், அவற்றுக்குப் பின்னால் இன்னதென்று பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்றும் இருந்தன; ஆனால் நாவில் பட்டதும் அது விரிந்து, கனத்து, நெடுநேரம் போகாமல் நின்றது. நான் யோசிக்கவே இல்லை; முதலாவதுதான் பீப்பாயில் வளர்ந்தது என்று முழங்கினேன். பெரியவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. முதலாவது, கடல் கடந்து வந்த மலிவான ஒயின். துருவேறாத எஃகுத் தொட்டியில் நொதித்து, வறுத்த ஓக் மரச் சில்லுகளைத் தேயிலைப் பொட்டலம்போல் முக்கியெடுத்து மணமேற்றப்பட்டது. இரண்டாவதோ, மூன்று அறுவடைகளுக்கு ஏற்கெனவே உழைத்து ஓய்ந்த பீப்பாய்களில் நொதித்து, அவற்றிலேயே பதினெட்டு மாதம் உறங்கி எழுந்த மெர்சோ என்ற பர்கண்டி வெள்ளை ஒயின். இதை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சமிருந்ததை என் கோப்பையில் ஊற்றிவிட்டு அவர் போய்விட்டார்.

நம் தர்க்க சாஸ்திரக்காரர்கள், மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறதென்று ஊகிப்பதை அநுமானத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். மூடுபனியைப் புகையென்று மயங்கிவிட்டால் அநுமானம் பொய்த்துப்போகும் என்றும் கூடவே எச்சரிப்பார்கள். ஒயினில் வாசனை என்பது பிரத்தியட்சம். பீப்பாய் என்பது அநுமானம். உன் மூக்கு பிழை செய்யவில்லை, தம்பி. வனிலா இருந்த இடத்தில் வனிலாவென்றே எழுதியிருக்கிறாய். அதிலிருந்து பீப்பாய்க்கும், பீப்பாயிலிருந்து உயர்வுக்கும் நீ தாண்டிய தாண்டல்தான் கோணலாகிவிட்டது.

ஷார்டொனேயின் ஸ்வபாவத்தை அறிந்தால் இந்த மயக்கம் ஏன் உண்டாகிறதென்று விளங்கும். 1999-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருபுறம் புகழ்பெற்ற பினோ நுவாரும், மறுபுறம் மட்டமானதென்று பல நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்ட கூவே ப்ளாங்கும் கலந்து பிறந்ததே இந்தத் திராட்சை என்று வெளியிட்டார்கள். மஸ்கட் திராட்சையைப்போல் தன் மணத்தைத் தானே பறைசாற்றிக்கொள்ளும் வழக்கம் இதற்கு இல்லை. குளிர்ந்த ஷாப்ளிப் பகுதியில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளுமாக மெலிந்து நிற்கும். வெயில் மிகுந்த இடங்களில் அன்னாசியும் மாம்பழமுமாகக் கொழுத்துவிடும். எங்கே விளைந்தாலும், வளர்ப்பவன் ஏற்றுகிற எதையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்தச் சாதுத்தனமே இதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. 1980-களிலும் 90-களிலும் கடல் கடந்த நாடுகளில், புது மரமும் வெண்ணெயும் மேலோங்கிய ஷார்டொனேக்கள் வெள்ளமாகப் பெருகி, கடைசியில் 'ஷார்டொனேயைத் தவிர வேறு எதுவானாலும் கொடு' என்று குடிப்பவர்களே சலித்துக்கொள்ளும்படி ஆயிற்று. பிறகு மரமே வேண்டாமென்று எல்லோரும் எஃகுத் தொட்டிக்கு ஓடினார்கள். இரண்டும் நாகரிகத்தின் கூத்துத்தான். அதைப்பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை.

பீப்பாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் உன் குறிப்புகளில் பீப்பாய் ஏதோ வாசனைத் திரவியக் குப்பிபோலத் தோற்றமளிக்கிறது. பிரான்ஸின் நடுவே த்ரோன்சே என்றொரு ஓக் காடு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கோல்பேர், பிற்காலத்துப் போர்க்கப்பல்களுக்கு மரம் வேண்டுமென்று அதைச் சீர்ப்படுத்திப் பாதுகாத்தார். கப்பல்கள் இரும்பாக மாறிவிட்டன. மரங்கள் பீப்பாய்க்காரர்களுக்குக் கிடைத்தன. நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மெள்ள வளர்ந்த மரத்தை, வாளால் அறுக்காமல், இழையோட்டத்தின்படி பிளந்து பலகையாக்குகிறார்கள்; பிரெஞ்சு ஓக்கைக் குறுக்கே அறுத்தால் அதன் நுண்குழாய்கள் வழியே ஒயின் கசிந்துவிடும். அமெரிக்க வெள்ளை ஓக்கில் அக்குழாய்கள் இயற்கையிலேயே அடைபட்டிருப்பதால் அதை அறுக்கலாம், அதனால் மலிவு. பலகைகளை இரண்டு மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில் அடுக்கி வைத்து, அவற்றிலுள்ள கடுந்துவர்ப்பைப் போக்கி, பிறகு நெருப்பின்மேல் காட்டி வளைத்து, உட்புறத்தை இளவறுப்பாகவோ நடுவறுப்பாகவோ கருவறுப்பாகவோ வறுக்கிறார்கள். பர்கண்டியில் அப்படிச் செய்த பீப்பாய் ஒன்று 228 லிட்டர் கொள்ளும்.

அந்த மரத்திலிருந்து ஒயினுக்குள் இறங்கும் மணங்கள் வெறும் உவமைகள் அல்ல என்பதை நீ கவனிக்க வேண்டும். வனிலாக் காயில் உள்ள வனிலின்தான் வறுத்த ஓக்கிலும் பிறக்கிறது. கிராம்புக்கு மணம் கொடுக்கும் யூஜினால்தான் மரத்திலும் இருக்கிறது. தேங்காயை நினைவூட்டுவது லாக்டோன் என்ற பொருள், அது அமெரிக்க ஓக்கில் அதிகம். புகை மணத்துக்குக் காரணம் நெருப்பிலே உண்டாகும் குவாயகால். ஆகவே ஒரு ஷார்டொனேயில் தேங்காய் முந்திக்கொண்டு வந்தால் அமெரிக்க மரமோ என்று நீ சந்தேகிக்கலாம். கிராம்பும் வறுத்த முந்திரியும் மெல்லியதாக வந்தால் பிரெஞ்சு மரத்தை நினைக்கலாம். ஆனால் இதே பொருள்களைச் சில்லுகளும் கொடுத்துவிடும். ஐரோப்பாவில் சில்லுகளுக்கு 2006-இல் சட்டப்படி இடம் கிடைத்தது. கடல் கடந்த தேசங்களில் அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. அதைப் பாபகாரியம் என்று நான் சொல்லவில்லை. மலிவான விலையில் விற்கும் ஒயினுக்கு மலிவான வழி, அவ்வளவே.

சில்லுகளால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. பீப்பாயின் பலகைகளுக்கிடையே, மூடியின் ஓரத்தில், மரத்தின் உடம்பு வழியாகவே, காற்று மிகச் சொற்பமாக, மாதக்கணக்கில் உள்ளே இழைகிறது. ஒயின் ஆவியாகிக் குறைந்த அளவை நிலவறைக்காரன் அடிக்கடி நிரப்பி வைக்கிறான். நொதித்து ஓய்ந்த ஈஸ்டின் மண்டி அடியிலே தங்கி, மெள்ளக் கரைந்து, ஒயினுக்கு வழவழப்பையும் உடம்பையும் கொடுப்பதோடு, வந்த காற்றையும் தான் வாங்கிக்கொண்டு அதன் இளமையைக் காக்கிறது. சிலர் கோலிட்டு அந்த மண்டியைக் கிளறியும் விடுகிறார்கள். இவ்வளவிலும் மர வாசனை என்பதே இல்லை. நான்காம் முறை நிரம்பும் பழைய பீப்பாய் மணமாக ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை. இந்த வேலையை மட்டும் குறைவறச் செய்கிறது. அன்று என் முன்னே இருந்த மெர்சோவில் பெயர் சொல்ல முடியாமல் நான் விட்டுவிட்டது இதைத்தான்.

இன்னொரு விசித்திரமும் கேள். நொதித்து முடிந்த ஒயினைப் புதுப் பீப்பாயில் ஊற்றினால் வனிலா எழுந்து நிற்கும். அதே பீப்பாயில் சாற்றையே ஊற்றி அங்கேயே நொதிக்க விட்டாலோ, ஈஸ்ட் அந்த வனிலினில் ஒரு பங்கை மணம் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. பீப்பாயோடு அதிக நாள் பழகிய ஒயினில் மரம் குறைவாகத் தெரிவது இப்படித்தான். உன்னுடைய ஒன்பது 'சாதாரண' ஒயின்களில் ஒன்று, பர்கண்டியின் தலைசிறந்த வெள்ளை ஒயின்களில் சேர்ந்த கோர்தோன்-ஷார்லமாஞ் என்பதைக் கண்டு நான் சற்றே திடுக்கிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுபுறம், மரத்தின் கணக்கில் நீ எழுதிய பலவும் மரத்தினுடையவை அல்ல. வெண்ணெய் என்று பதினாறு இடங்களில் எழுதி, அதைப் பீப்பாயின் வரவாக வைத்திருக்கிறாய். முதல் நொதித்தல் முடிந்த பிறகு, பச்சை ஆப்பிளின் கடும்புளிப்பான மாலிக் அமிலத்தைப் பாலின் மென்புளிப்பான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா ஒன்று உண்டு. அது போகிற போக்கில் டயசெட்டில் என்ற பொருளை விட்டுச் செல்கிறது. நம் வீட்டு வெண்ணெயில் மணப்பதும் அதுவே. இந்த மாற்றம் எஃகுத் தொட்டியிலும் நடக்கும், பீப்பாயில் நடக்காமல் தடுக்கவும் முடியும். ரொட்டி மாவுபோல் வருவது மண்டியின் மணம். எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது, தீக்குச்சி கிழித்தாற்போல் வரும் புகை. இன்றைய பர்கண்டி ஒயின்கள் பலவற்றில் அது நாகரிகமாகவே ஆகிவிட்டது; நீ அதை 'நன்கு வறுத்த பீப்பாய்' என்று எழுதியிருக்கிறாய். காற்று அதிகம் படாமல் மண்டியோடு கிடந்த ஒயினில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வேலை அது. சாஸ்திரக்காரர்கள் சொன்ன மூடுபனியை, பார், கோப்பைக்குள்ளேயே கண்டுவிட்டோம்.

இனி ருசி பார்க்கும் முறை. 1977-இல் சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்ட குறுகிய வாய்க் கோப்பையில் 50 மில்லி லிட்டருக்கு மேல் ஊற்றாதே. பனிக்கட்டி வாளியிலிருந்து எடுத்த கையோடு பார்க்காதே. ஐந்தாறு டிகிரியில் பழம் ஊமையாகிவிட, புளிப்பும் மரத்தின் கசப்பும் மாத்திரம் கூர்மையாகத் தெரியும். பீப்பாயில் வளர்ந்த ஷார்டொனேவுக்குப் பன்னிரண்டு டிகிரிக்கு அருகில் சரியான இடம். முதலில் ஆட்டாமல் முகர். பிறகு சுழற்றி முகர். வாயில் வைத்துத் துப்பிவிடு. விழுங்கிவிட்டு நடுநிலைமை பேசிய எவரையும் நான் கண்டதில்லை.

நாவின் விஷயத்தில் உனக்குப் பிறவியிலேயே ஓர் அநுகூலம் இருக்கிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவன் நீ. வாழைப்பூவும் கடுக்காயும் தெரிந்த வாய். உன் சகபாடிகள் வருஷக்கணக்கில் பழகும் வித்தியாசம் உனக்குச் சட்டென்று பிடிபட வேண்டும். புளிப்பு வாயை ஊற வைக்கும். துவர்ப்பு வாயை உலர்த்தும். வெள்ளை ஒயினில் திராட்சைத் தோலின் துவர்ப்பு சொற்பமாதலால், ஈறுகளின் ஓரத்தில் பலகைத்தூள் ஒட்டினாற்போல் ஒரு வறட்சி தோன்றினால், அங்கே மரத்தைச் சந்தேகிப்பதற்கு மூக்கைவிட நல்ல சாட்சி கிடைத்துவிட்டது. பிறகு கடிகாரத்தைப் பார். துப்பிய பின் ருசி எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுவதோடு, கடைசியாக விடைபெற்றுப் போவது எது என்பதையும் கவனி. பழம் போய்விட்டு மரம் மட்டும் தங்கினால், அந்த ஒயின் அந்தப் பீப்பாய்க்குத் தகுதியற்றது. மரமும் பழமும் சேர்ந்தே மங்கினால் குறைசொல்ல ஒன்றும் இல்லை. மரம் முதலில் விலகி, பழமும் உப்பும் புளிப்பும் கலந்த ஒரு தெளிவு பின்னும் நிற்குமானால், இன்று அதில் மரம் எவ்வளவு உரக்கப் பேசினாலும், அதை ஐந்து வருஷம் வைத்துப் பார்க்கலாமென்று தைரியமாக எழுது.

அவசரமாக எழுதாதே என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 1976-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி பாரிஸில், ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, பிரான்ஸின் பேர்போன நிபுணர்களைக் கூட்டி, புட்டியை மறைத்து ஆறு கலிபோர்னிய ஷார்டொனேக்களையும் நான்கு வெள்ளைப் பர்கண்டிகளையும் ருசி பார்க்கச் செய்தார். நிபுணர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் நாபாவில் பிறந்த ஒயினைப் பருகிவிட்டு, மறுபடியும் பிரான்ஸ் தேசத்துக்கே வந்துவிட்டதாகப் பூரித்துப்போனார். முடிவில் முதலிடம் பெற்றது ஷாட்டோ மோன்ட்டெலேனாவின் 1973-ஆம் வருஷத்து ஷார்டொனே. ஒரு மெர்சோ இரண்டாவதாக வந்தது. ஜெயித்த அந்த ஒயினில், வெண்ணெய் மணம் தரும் இரண்டாம் மாற்றம் நடக்கவே விடப்படவில்லை என்பதை உன் பதினாறு வெண்ணெய்க் குறிப்புகளுக்கு அருகில் எழுதி வைத்துக்கொள். 2001-இல் வெளிவந்த போர்தோப் பரிசோதனை இன்னும் கொடியது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, ஐம்பத்துநான்கு மாணவர்கள் பெரும்பாலும் செவ்வொயினுக்குரிய சொற்களைக்கொண்டே அதை வருணித்தார்களாம். கண் சொன்னதை மூக்கு ஒப்பித்துவிட்டது. சீட்டையும் விலையையும் பார்த்துவிட்டு நாம் எழுதும் குறிப்புகளின் யோக்கியதையை நீயே ஊகித்துக்கொள்.

ஆகையால் ஒரு கோப்பையைப் பற்றி மூன்று முறை எழுது: ஊற்றியவுடன், அரைமணி கழித்து, மறுநாள். சில்லுகளின் மணம் பெரும்பாலும் முதல் பத்து நிமிஷத்திலேயே தன் பொருளையெல்லாம் செலவழித்துவிடுவதை என் அநுபவத்தில் கண்டிருக்கிறேன். நல்ல மெர்சோ மறுநாள் காலையில்தான் வாயைத் திறக்கும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேவிஸில் ஆன் நோபிள் என்ற அம்மையார் 1984-இல் வகுத்த வாசனைச் சக்கரத்தை உன் புத்தகத்தின் அட்டையில் ஒட்டியிருக்கிறாய்; நல்லது; பரீட்சையில் அந்தச் சொற்களையே கேட்பார்கள். ஆனால் ஹேசல்நட் என்று பதினொரு முறை எழுதியிருக்கிறாயே, அந்தக் கொட்டையை நீ எத்தனை முறை தின்றிருக்கிறாய்? உனக்கு வந்தது வறுத்த முந்திரியானால் முதலில் முந்திரியென்று எழுது. முறுக உருகிய நெய்யானால் நெய்யென்று எழுது. ஓரத்தில் பரீட்சைக்காரர்களின் பெயரைச் சேர்த்துக்கொள். இரவல் சொல்லால் எழுதிய குறிப்பு ஒரு வருஷம் கழித்து எழுதியவனுக்கே விளங்குவதில்லை. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவதை இப்போதைக்கு நிறுத்திவை. தொண்ணூற்றொன்றுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு விளக்கக்கூடியவர் இன்னும் அகப்படவில்லை.

குற்றங்களைப் பற்றி நீ படித்திருப்பாய். ஈரச் சாக்குபோல் நாறினால் தக்கையின் கோளாறு; அடிபட்ட ஆப்பிள்போலப் பழுப்பேறியிருந்தால் காற்றின் கோளாறு. 1990-களின் நடுவிலிருந்து வந்த வெள்ளைப் பர்கண்டிகளில் பல அகாலத்தில் அப்படி முதுமை அடைந்து விலைகொடுத்தவர்களை அழவைத்தன. எனவே, ஆழ்ந்த பொன்னிறத்தைக் கண்டதும் பீப்பாயின் பெருமை என்று மகிழ்ந்துவிடாதே.

இக்கடிதத்தோடு, நம் ஊர்க்காரர் ஒருவர் மூலமாக, காகிதம் சுற்றி ஒன்று இரண்டென்று மாத்திரம் எழுதிய இரண்டு புட்டிகள் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஷார்டொனே. எது எஃகில் வளர்ந்தது, எது மரத்தில் வளர்ந்தது, மரமானால் புதியதா பழையதா என்பதை ஓர் உறையிலிட்டு ஒட்டியிருக்கிறேன். உறையை உன் அறைத்தோழனிடம் கொடுத்துவிடு. மூன்றாம் முறை எழுதி முடிக்கும்வரை பிரிக்க வேண்டாம். நீ எழுதியதை, அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்பு.